வாசகர் கேள்வி–பதில்: வாயிற்கதவு இல்லாத காட்டுக்குப் புறப்படும் முன்

சென்ற இதழில், கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இன்யோ தேசிய வனத்துக்குள் நிற்கும், பல ஆயிரம் ஆண்டு வயதுள்ள பிரிசில்கோன் பைன் மரங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லவிருக்கும் பெற்றோரும், அங்கேயே வேலை பார்க்கும் இளைஞர்களும் அதைப் படித்துவிட்டுப் பல கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் பயணத்துக்குத் திட்டமிடுபவர்களுக்குப் பயன்படும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் மகன் சான் ஹோசேயில் இருக்கிறான். வரும் ஜூலையில் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். "நேஷனல் ஃபாரஸ்ட் போகலாம் அம்மா" என்று அவன் சொல்கிறான். ஏற்கெனவே போய்வந்த என் தங்கையோ, யோசெமிட்டி போன்ற நேஷனல் பார்க் ஒன்றைப் பார்த்தால் போதும் என்கிறாள். இரண்டும் ஒன்றுதானே?
— வாசகி, திருச்சி

இரண்டும் வேறு வேறு, அம்மா. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் உங்கள் பயணத் திட்டத்தில் பாதி முடிந்துவிடும். தேசியப் பூங்காக்கள் உள்துறையின் கீழ் இயங்கும் பூங்காப் பணித்துறையிடம் இருக்கின்றன; அவற்றின் நோக்கம் இயற்கையைக் கலைக்காமல் காத்து மக்களுக்குக் காட்டுவது. தேசிய வனங்களோ வேளாண்மைத் துறையின் கீழ் 1905-இல் உருவான வனப்பணித்துறையின் பொறுப்பில் உள்ளன. மரம், மேய்ச்சல், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கு, மக்களின் பொழுதுபோக்கு ஆகிய ஐந்துக்கும் அந்த நிலம் பயன்பட வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகுத்திருக்கிறது. ஆகவே நீங்கள் நடக்கும் பாதையின் அருகிலேயே மாடு மேய்ந்துகொண்டிருந்தால் வியப்படைய வேண்டாம்.

நாடு முழுவதும் 154 தேசிய வனங்கள் இருக்கின்றன. அவற்றையும் புல்வெளி நிலங்களையும் சேர்த்து வனப்பணித்துறையின் கையில் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் நிலம் உள்ளது. அது நம் தமிழ்நாட்டின் பரப்பைப் போல ஆறு மடங்கு. இன்யோ மட்டுமே ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர். 1907-இல் அதை அறிவித்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகவிருந்த கால்வாய்க்காக நிலத்தைக் காப்பதும் ஒரு நோக்கமாக இருந்தது. அதனால் மரமே இல்லாத பள்ளத்தாக்கு நிலமும் அன்று 'வனம்' என்ற பெயரைப் பெற்றது.

பயணிக்கு இதன் பொருள் என்னவென்றால், பூங்காவில் பெரும்பாலும் நுழைவாயில் இருக்கும், அங்கே ஒருவர் சீட்டும் வரைபடமும் தந்து, எந்தச் சாலை மூடியிருக்கிறது என்றும் சொல்லி அனுப்புவார். தேசிய வனத்தில் பெரும்பாலான இடங்களில் வாயிலும் இல்லை, கட்டணமும் இல்லை, எச்சரிக்க ஆளும் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து திரும்பினால் காட்டுக்குள் இருப்போம். நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது என்று பழகிய நமக்கு இந்தத் தாராளம் மகிழ்ச்சி தரும். ஆனால் வாயிலில் இருப்பவர் சொல்லியிருக்க வேண்டிய அத்தனையையும் நாமே முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு அந்தத் தாராளத்தோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு இடம் ரேஞ்சர் அலுவலகம். இன்யோவுக்கு லோன் பைன், பிஷப், மாமத் லேக்ஸ், லீ வைனிங் ஆகிய நான்கு ஊர்களில் பார்வையாளர்களுக்கான அலுவலகங்கள் உண்டு. புறப்படுவதற்கு முந்தைய நாள் உங்கள் மகன் அவற்றுள் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசட்டும்; சாலை, தண்ணீர், நெருப்புத் தடை ஆகிய மூன்றையும் கேட்கட்டும். இணையத்தில் பத்துப் பயணக் குறிப்புகளைப் படிப்பதைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சு மேலானது.

என் கணவருக்கு வயது 67. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஊட்டி, கொடைக்கானலெல்லாம் பலமுறை ஏறி இறங்கியவர்கள்தாம் நாங்கள். நீங்கள் எழுதிய அந்தப் பழைய மரங்களைப் பார்க்க உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

கவலைப்பட வேண்டாம், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கிறது; தொட்டபெட்டா 8,652 அடி; தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 8,842 அடி. பிரிசில்கோன் மரங்கள் நிற்கும் ஷுல்மன் தோப்போ ஏறத்தாழ 10,000 அடியில் உள்ளது. அதாவது வண்டியை நிறுத்திவிட்டு நீங்கள் இறங்கும் இடமே ஆனைமுடியின் உச்சியைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம். அங்கே நாம் ஒரு மூச்சில் பெறும் உயிர்வளி கடல் மட்டத்தில் பெறுவதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. பிஷப் ஊர் 4,150 அடியில்தான் இருக்கிறது என்பதால், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு உயரம் ஏறிவிடுவது உடலுக்குத் திடீர் மாற்றமாகப் படும்.

முதலில், ஊரிலேயே அவருடைய மருத்துவரிடம் "பத்தாயிரம் அடிக்குப் போகிறோம்" என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "மலைக்குப் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவர் ஊட்டியைத்தான் நினைத்துக்கொள்வார். அடுத்து, மரங்களைப் பார்க்கும் நாளுக்கு முன் ஓர் இரவாவது மாமத் லேக்ஸில் தங்குங்கள். அது 8,000 அடிக்குச் சற்றுக் குறைவான உயரம், உடல் பழகிக்கொள்ள ஏற்ற இடம். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஏதேனும் தோன்றினால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே தொடராமல் வண்டியைக் கீழே திருப்புங்கள். இறங்குவதே அதற்கு நல்ல மருந்து.

மேலே குழாய்த் தண்ணீர் கிடையாது. பெட்ரோல் நிலையமும் கிடையாது. பிக் பைன் என்ற சிற்றூரில் நெடுஞ்சாலை 395-ஐ விட்டுப் பிரிந்து 23 மைல் ஏற வேண்டும் என்பதால், இரண்டையும் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஜூலையில் பள்ளத்தாக்கில் நம் ஊர்க் கத்திரி வெயிலைப் போல் கொளுத்தும். மேலே அதே மாலையில் கம்பளிச் சட்டை தேவைப்படும். குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால் பொதுவாக மே நடுப்பகுதியிலிருந்து நவம்பர் வரைதான் அந்தச் சாலை திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வரக்கூடும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஷுல்மன் தோப்பில் ஒரு மைல் நீளமுள்ள சிறிய சுற்றுப்பாதையும், நான்கு மைலுக்கு மேல் நீளும் பெரிய சுற்றுப்பாதையும் இருக்கின்றன. சிறியது உங்களுக்குப் போதும். என் தாயாரை அங்கே அழைத்துச் சென்றபோது அந்த ஒரு மைலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வழியில் போட்டிருந்த பெஞ்சு ஒவ்வொன்றிலும் அவர் உட்கார்ந்தார். இரண்டாவது பெஞ்சுக்கு எதிரே ஒரு மரம். அதன் பட்டை ஒரு பக்கம் மட்டும் கையகல நாடாவைப் போல் மேலேறி ஒரே ஒரு கிளைக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. மற்ற பக்கம் முழுவதும் காற்றும் பனியும் தேய்த்துத் தேய்த்துத் தேன் நிறத்தில் மெருகேறிய வெறும் கட்டை. அதைச் சுற்றிலும் சுண்ணாம்புத்தூள் கொட்டியது போல் வெண்மையான டோலமைட் மண். அந்த மண்ணில் வேறு மரங்கள் எளிதில் பிழைப்பதில்லை என்பதால்தான் இவற்றுக்குப் போட்டி இல்லை. என் தாயார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது செத்ததா, உயிரோடிருப்பதா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொன்னேன். உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கே அந்தக் காடு தன்னைக் காட்டுகிறது. ஆகவே உங்கள் கணவர் மெதுவாக நடப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

கட்டணம் கட்டாமல் தேசிய வனத்தில் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மூன்று குடும்பங்கள் குழந்தைகளோடு ஆகஸ்டில் போகிறோம். இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார வேண்டுமென்பது குழந்தைகளின் ஆசை. அனுமதி உண்டா?
— வாசகர், இர்வைன், கலிபோர்னியா

'எங்கு வேண்டுமானாலும்' என்பது சரியல்ல. முகாம் திடலுக்கு வெளியே இலவசமாகத் தங்குவதற்குப் பல பகுதிகளில் இடமுண்டு, பொதுவாக 14 நாட்கள் வரை. ஆனால் பிரிசில்கோன் காட்டைப் போன்ற சில பகுதிகளில் அது கிடையாது. அனுமதி உள்ள பகுதிகளிலும், ஏற்கெனவே பிறர் தங்கித் தரை கெட்டிப்பட்ட இடத்தில், ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் 200 அடியாவது தள்ளிக் கூடாரம் போடுங்கள். அங்கே கழிப்பறை இராது. ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டிப் பிறகு மூட வேண்டும், பயன்படுத்திய காகிதத்தைப் பையில் போட்டு ஊருக்கு எடுத்து வர வேண்டும். மூன்று குடும்பங்கள், சிறு குழந்தைகள் என்றால் கழிப்பறையும் மேசையும் உள்ள முகாம் திடலையே நான் சொல்வேன். அவற்றுள் பலவற்றை ரிக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். ஆகஸ்டுக்குப் பிப்ரவரியிலேயே இடங்கள் பறந்துவிடும். பதிவு இல்லாமல், முதலில் வருபவருக்கு முதலில் என்று தரும் திடல்களும் உண்டு; அவற்றுக்கு வாரநாளின் காலையில் போய்ச் சேருங்கள்.

நெருப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கலிபோர்னியாவின் தேசிய வனங்களில், முகாம் திடலுக்கு வெளியே விறகு மூட்டுவதற்கு மட்டுமல்லாமல் கேஸ் அடுப்பு பற்றவைப்பதற்கும்கூட நெருப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, இணையத்தில் ஒரு சிறு பாடத்தைப் படித்துச் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால், 18 வயது நிரம்பிய எவருக்கும் கிடைக்கும். ஆனால் அந்தச் சீட்டு கையில் இருந்தாலும், வனத்தில் நெருப்புத் தடை அறிவித்திருந்தால் விறகு மூட்டக் கூடாது. ஆகஸ்டில் தடை இருப்பது வழக்கமான ஒன்று. ஆகவே குழந்தைகளிடம் இப்போதே உறுதி சொல்லிவிடாதீர்கள். பேட்டரி விளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பகுதியின் இரவு வானத்தில் பால்வீதி கண்ணுக்குத் தெரியும். நெருப்பு இல்லாத இரவில் அது இன்னும் நன்றாகவே தெரியும்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 2020 செப்டம்பர் 5-ஆம் நாள், இன்யோவுக்கு மேற்கே உள்ள சியரா தேசிய வனத்தில் விடுமுறைக்காகத் தங்கியிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. வெளியேறும் ஒரே சாலையும் அடைபட்டுப்போக, இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் படையின் ஹெலிகாப்டர்கள் இரவில் புகைக்குள் இறங்கி மாமத் பூல் என்ற நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்து மீட்டன. அதே மாதத்தில் கலிபோர்னியாவின் 18 தேசிய வனங்களும் மொத்தமாக மூடப்பட்டன. மறு ஆண்டு ஆகஸ்டு இறுதியிலும் அப்படியே மூடவேண்டி வந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் தீ பரவி, நடைப்பயணம் போன பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்க முடியாது. கூடாரம் போடும் முன்பே, நீங்கள் வந்த வழி அடைபட்டால் வேறு எந்த வழியாக வெளியேறலாம் என்பதை மூன்று குடும்பத்துப் பெரியவர்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தடை இல்லாத காலத்தில் மூட்டுவதாயின், ஏற்கெனவே உள்ள கல்வட்டத்துக்குள் சிறியதாக மூட்டி, பக்கத்தில் மண்வெட்டியும் வாளியில் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகும் முன் தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிக் கிளறி, கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். சூடு இருந்தால் அது அணையவில்லை. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் அதோடு சேர்ந்து பயணம் செய்யும்.

அறுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சலுகை அட்டை உண்டாமே? எனக்கு 70 வயது, சுற்றுலா விசாவில் போகிறேன்.
— வாசகர், திருநெல்வேலி

மூத்தோர் அட்டை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டுமே. உங்களுக்குக் கிடைக்காது. பெரும்பாலான தேசிய வன நிலத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை என்பதால் அதனால் பெரிய இழப்பு இல்லை. முகாம் திடல்களுக்கும் சில குறிப்பிட்ட இடங்களுக்கும்தான் கட்டணம்.

காட்டில் கரடி வரும் என்கிறார்கள். நாங்கள் புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய் என்று கட்டிக்கொண்டு போகிறவர்கள். எப்படிப் பாதுகாப்பது?
— வாசகி, மயிலாடுதுறை

கலிபோர்னியாவில் இன்று இருப்பவை கருங்கரடிகள் மட்டுமே. அவை பெரும்பாலும் மனிதரைத் தேடி வருவதில்லை, சோற்றைத் தேடி வருகின்றன. நல்லெண்ணெயும் பெருங்காயமும் சேர்ந்த புளியோதரையின் மணம் நமக்கே தெருமுனை வரை எட்டும். கரடியின் மூக்குக்கு அது எத்தனை தூரம் எட்டும் என்று எண்ணிப் பாருங்கள். கரடி நடமாட்டமுள்ள முகாம் திடல்கள் பலவற்றில் கனமான இரும்புப் பெட்டிகளைப் பதித்திருக்கிறார்கள். உணவு, எச்சில் தட்டு, குப்பை இவற்றோடு பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றையும் அதற்குள் வைத்துத் தாழிடுங்கள். காரில் வைத்தால் கதவையே பிய்த்துவிடும். திடலுக்கு வெளியே மலைப்பாதைகளில் இரவு தங்குவதாயின், இன்யோவின் பல பகுதிகளில் கரடி திறக்க முடியாத உருளைப் பெட்டி கட்டாயம். அதை வாடகைக்கு எடுக்கலாம். மிஞ்சிய சோற்றைக் காக்கைக்குப் போடுவது போல் பாறை மேல் வைத்துவிட்டு வராதீர்கள். நம் வழக்கத்தில் அது புண்ணியம். அங்கே, மனிதரிடம் சோறு கண்டு பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

கைப்பேசி வரைபடம் இருக்கும்போது தாள் வரைபடம் எதற்கு?
— வாசகர், சிங்கப்பூர்

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். கைப்பேசி காட்டிய குறுக்குச்சாலையில் சாதாரணக் காரோடு திரும்பினேன். நான்கு மைல் போனபின் மணலில் முன்சக்கரம் புதைந்தது. சிக்னல் அதற்கு வெகு முன்பே போய்விட்டது. காலடிக் கம்பளங்களைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, கையால் மணலை அள்ளி, மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தோம். அதற்குள் நால்வருக்கும் சேர்த்து அரை லிட்டர் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது. கைப்பேசிக்குச் சாலை என்பது ஒரு கோடு. அது தார்ச்சாலையா, உயரமான வண்டி மட்டும் போகக்கூடிய கரட்டுப்பாதையா என்பதை அது எப்போதும் சொல்வதில்லை. ஒவ்வொரு தேசிய வனமும் எந்தப் பாதையில் எந்த வண்டி, எந்த மாதங்களில் போகலாம் என்று காட்டும் வண்டிப் பாதை வரைபடத்தை இலவசமாக வெளியிடுகிறது. ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரிசில்கோன் காட்டையே எடுத்துக்கொண்டால், ஷுல்மன் தோப்பு வரை தார்ச்சாலை. அங்கிருந்து பேட்ரியார்க் தோப்புக்குப் போகும் 12 மைல் கப்பிச்சாலை. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டும் செல்லுங்கள்.

என் மகள் விட்னி சிகரம் ஏறத் திட்டமிடுகிறாள். ஒரே நாளில் முடியுமா? அனுமதி கடினமா?
— வாசகர், சேலம்

அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்க நிலப்பரப்பின் மிக உயரமான சிகரம் அதுவே, 14,505 அடி. வழக்கமான பாதை போக வர 22 மைல். ஏற்றம் மட்டும் 6,000 அடிக்கு மேல். மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு, அன்றே திரும்புபவர்கள் 100 பேரையும் இரவு தங்குபவர்கள் 60 பேரையும் மட்டுமே அனுப்புகிறார்கள். அதற்கான குலுக்கலுக்குப் பிப்ரவரியில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்ந்த நடையாளர்கள் ஒரே நாளில் முடிக்கிறார்கள், விடியலுக்கு வெகு முன்பே தொடங்கி. அந்தப் பாதையில் மனிதக் கழிவையும் அதற்கெனத் தரும் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது விதி. பாறையில் குழி தோண்ட முடியாது என்பதே காரணம். மகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். குலுக்கலில் பெயர் வராவிட்டால், இன்யோவிலேயே பிஷப் ஓடையை ஒட்டிய ஏரிப்பாதைகள் இருக்கின்றன. பகலில் போய்வர அவற்றுக்கு ஒதுக்கீடு இல்லை. செப்டம்பர் இறுதியில் போனால் ஆஸ்பென் மரங்கள் அங்கே மஞ்சளாக மாறத் தொடங்கியிருக்கும்.

அந்தப் பழைய மரங்களின் உதிர்ந்த சுள்ளி ஒன்றைப் பேரன் நினைவாக எடுத்து வரலாமா? எல்லாவற்றிலும் மூத்த மரம் எது என்று காட்டுவார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

இரண்டுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில், ஐயா. விவிலியத்தில் 969 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மெத்தூசலாவின் பெயரைத் தாங்கிய அந்த மரத்துக்கு வயது 4,800-க்கு மேல். மொகஞ்சதாரோவின் செங்கல் வீதிகள் எழுவதற்கு முன்பே அது முளைத்துவிட்டது. எட்மண்ட் ஷுல்மன் என்ற ஆய்வாளர் 1950-களில் அதன் வயதைக் கண்டறிந்தார். அது எங்கே நிற்கிறது என்பதை வனப்பணித்துறை வெளியே சொல்வதில்லை. பக்கத்து மாநிலமான நெவாடாவில், அதைவிடவும் மூத்ததாகப் பின்னர் தெரியவந்த ஒரு பிரிசில்கோன் மரத்தை 1964-இல் ஆராய்ச்சிக்கென்று, அனுமதி பெற்றே வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிறகுதான் வளையங்களை எண்ணினார்கள்.

சுள்ளியைப் பொறுத்தவரை, தரையில் கிடக்கும் கட்டையும் அங்கே ஆவணம்தான். குளிரும் வறட்சியும் பிசினும் சேர்ந்து அதை மக்கவிடுவதில்லை. செத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடக்கும் கட்டைகளின் வளையங்களை உயிருள்ள மரங்களின் வளையங்களோடு பொருத்தித்தான் கரிமக் காலக்கணிப்பின் பிழைகளைத் திருத்தினார்கள். தொல்பொருள்களின் வயதைக் கணிக்கும்போது அந்தத் திருத்தம் உலகெங்கும் பயன்படுகிறது. ஆகவே ஒரு துண்டையும் எடுக்கக் கூடாது, சட்டப்படியும் குற்றம்.

பேரனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். அந்த மரத்துக் காயின் ஒவ்வொரு செதிலிலும் ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வரையச் சொல்லுங்கள். பிறகு தாழ்ந்த கிளையின் அருகில் நின்று இலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கொத்துக்கு ஐந்து ஊசிகள் இருக்கும், அவற்றுள் சில அவனுடைய அப்பா பிறந்த காலத்தில் துளிர்த்தவையாகவும் இருக்கலாம், பறிக்காமலேயே எண்ணிவிடலாம்.